யன்னலுக்கு வயசு பார்க்காதீர்கள்

"பதினைஞ்சு வருஷம் ஆகிட்டுதோ? அப்ப யன்னல் முழுக்க மாத்த வேணும்."

ரொரன்ரோவிலும் அதைச் சுற்றியும் சொந்த வீடு வைத்திருக்கும் தமிழ்ச் சனத்தில் இந்த வசனத்தைக் கேட்காத ஆட்கள் குறைவு. கதவைத் தட்டி வருகிறவர் சொல்லுவார். தமிழ்க்கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகையின் முழுப்பக்க விளம்பரம் சொல்லும். பிறந்தநாள் கொண்டாட்டத்தில் பக்கத்துக் கதிரையில் இருக்கிற மாமா, தான் மாற்றிய கையோடு உங்களையும் மாற்றச் சொல்லுவார். எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்வதால் இது ஏதோ அரசாங்கம் போட்ட விதி என்று நினைத்துவிடுகிறோம்.

அப்படி ஒரு விதி கிடையாது. யன்னலின் வயசு, அதை மாற்றுவதற்கு ஒரு காரணமே அல்ல. யன்னலில் எந்தப் பகுதி பழுது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் பண்ணுவதற்காகத்தான் வயசைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்பது என் வாதம்.

நான் படிப்பது வணிகவியல். ஆகவே கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். :-)

முதலில் இது என்ன சாமான்?

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வாசிக்கிறவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். குளிர்நாட்டு யன்னலில் ஒரு கண்ணாடி இருக்காது, இரண்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் காற்றோ ஆர்கன் வாயுவோ அடைத்து, சுற்றிவர ஒட்டுப்பசையால் மூடிவிடுவார்கள். இரண்டு கண்ணாடியையும் விலக்கிப் பிடிக்கிற இடைப்பட்டிக்குள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும் (புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சின்னப் பொட்டலம் மாதிரியான சங்கதி). இந்த முழுக் கண்ணாடிப் பொதிக்கும் இங்கே 'சீல்ட் யூனிட்' என்று பெயர். புது யன்னல்களில் கண்ணாடியின் உட்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய உலோகப் பூச்சும் இருக்கும். அதை 'லோ-ஈ' என்பார்கள். அறையின் வெப்பத்தைத் திருப்பி அறைக்குள்ளேயே அனுப்புவது அதன் வேலை.

ஆக ஒரு யன்னல் என்பது ஒரு பொருள் அல்ல, நாலு பொருள். ஒன்று, கண்ணாடிப் பொதி. இரண்டு, திறந்து பூட்டுகிற பாகங்கள்: கைபிடி, பிணைச்சல், பூட்டு, ரப்பர் பட்டி. மூன்று, பிரேம். நாலு, பிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள அடைப்பு. இந்த நாலும் ஒரே நாளில் சாவதில்லை. நாலில் மூன்றைத் தனித்தனியே மாற்றலாம். பிரேம் போனால் மட்டும்தான் முழு யன்னலும் போக வேண்டும்.

காரின் டயர் தேய்ந்தால் டயரை மாற்றுகிறோம். "கார் பழசாயிட்டுது அன்ரி, புதுசு எடுங்கோ" என்று டயர்க்கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவோம். யன்னல் என்று வரும்போது மட்டும் அதே ஆலோசனைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக் கையெழுத்தும் போடுகிறோம்.

கண்ணாடி மங்கினால்

விற்பனைக்காரருக்கு மிகவும் பிடித்த அடையாளம் மங்கல் கண்ணாடி. "பாருங்கோ, யன்னல் வேர்க்குது" என்பார். வேர்க்கட்டும். எந்த இடத்தில் வேர்க்கிறது? விரலால் துடைத்துப் பாருங்கள்.

அறைப்பக்கத்தில் துடைக்க ஈரம் போகிறதா? அப்படியானால் வீட்டுக்குள் ஈரப்பதம் கூடிவிட்டது. ஒரு கணக்கு சொல்கிறேன். வெளியே மைனஸ் 20, உள்ளே 21 பாகை. பழைய சாதாரண இரட்டைக் கண்ணாடியின் நடுப்பகுதி உட்பக்கத்தில் ஏறக்குறைய 6 பாகையில் இருக்கும். வீட்டின் ஈரப்பதம் 50 வீதம் என்றால் 10 பாகைக்குக் கீழே உள்ள எதிலும் தண்ணீர் கட்டும். கண்ணாடி 6 பாகை, ஆகவே வேர்க்கிறது. ஈரப்பதத்தை 30 வீதத்துக்கு இறக்கினால் 3 பாகைக்குக் கீழே போனால்தான் தண்ணீர் கட்டும். அதே பழைய கண்ணாடியின் நடுப்பகுதி காய்ந்து கிடக்கும் (ஓரங்கள் நடுவை விடக் குளிர், அங்கே கொஞ்சம் ஈரம் நிற்கலாம்).

எங்கள் வீடுகளில் சோறு கொதிக்கிறது, குழம்பு கொதிக்கிறது, புட்டு அவிகிறது. அடுப்புக்கு மேலே உள்ள காற்றாடியைச் சத்தம் என்று போடுவதில்லை. குளியலறைக் காற்றாடியைக் கரண்ட் என்று போடுவதில்லை. ஃபேர்னஸோடு ஒரு ஈரமூட்டி பூட்டியிருந்தால் அதை வருடம் முழுவதும் 45இல் விட்டுவிடுகிறோம். பிறகு யன்னல் அழுகிறது என்று யன்னலைக் குற்றம் சொல்கிறோம்! ஹார்ட்வெயார் கடையில் சில டொலருக்கு ஈரப்பதமானி விற்கிறார்கள். முதலில் அதை வாங்குங்கள். புது யன்னல் போட்டால் கண்ணாடி வேர்க்காமல் போகலாம். ஆனால் அந்த ஈரம் வீட்டை விட்டுப் போய்விடாது. அடுத்த குளிர்ந்த மூலையைத் தேடும், கூரைக்கு அடியிலோ அலுமாரிக்குப் பின்னாலோ போய்ப் பூஞ்சணம் கட்டும்.

வெளிப்பக்கத்தில், இலையுதிர்கால விடியற்காலையில் ஈரமா? கொண்டாடுங்கள். உள்வெப்பம் வெளிக்கண்ணாடிக்கு வரவில்லை, யன்னல் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். இதைக் காட்டியும் யன்னல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது தனிச் சோகம்.

உள்ளேயும் வெளியேயும் துடைத்தும் போகாமல், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மங்கலா? இதுதான் உண்மையான பழுது. சீல் விட்டுவிட்டது. உறிஞ்சும் மணிகள் இனி உறிஞ்ச இடமில்லாமல் நிறைந்துவிட்டன. ஆர்கன் இருந்திருந்தால் அதுவும் மெல்ல மெல்லப் போய்விட்டிருக்கும்.

அவசரமா? இல்லை. நடுவில் மங்கிய இரட்டைக் கண்ணாடி ஒரே இரவில் ஒற்றைக் கண்ணாடியாகிவிடாது. குளிரைத் தடுக்கும் சக்தி கொஞ்சம் குறையும். பார்க்க அசிங்கமாக இருக்கும். நாள் போகப் போக ஈரம் உள்ளே உள்ள பூச்சைக் கெடுக்கும், வெள்ளைக் கறை நிரந்தரமாகும். சரி செய்யத்தான் வேண்டும், ஆனால் இன்றிரவு ஒன்பது மணிக்குள் கையெழுத்துப் போட்டுச் சரி செய்ய வேண்டிய விஷயம் அல்ல.

சரி செய்வது எப்படி? பிரேம் நன்றாக இருந்தால் கண்ணாடிப் பொதியை மட்டும் மாற்றலாம். கண்ணாடிக்கடைக்காரர் வந்து அளவெடுப்பார், புதுப் பொதி செய்விப்பார், பழையதைக் கழற்றி அதே பிரேமுக்குள் இதைப் பூட்டுவார். லோ-ஈ பூச்சும் ஆர்கனும் உள்ளதாகவே கேட்டு வாங்கலாம். முழு யன்னலின் விலையோடு பார்க்க இது சின்னத் தொகை. (துளை போட்டு உள்ளே காயவைத்துத் தருகிறோம் என்று ஒரு வியாபாரமும் உண்டு. அது மங்கலை எடுக்கலாம், போன வாயுவையும் போன சீலையும் திருப்பித் தராது.)

அதற்கும் முன்பு ஒரு வேலை. கண்ணாடி இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைப்பட்டியை டோர்ச் அடித்துப் பாருங்கள். பல யன்னல்களில் செய்தவரின் பெயரும் செய்த திகதியும் அதில் குத்தியிருக்கும். சீல் விடுவதற்கு பத்து, இருபது வருட உத்தரவாதம் கொடுத்திருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். வீடு வாங்கும்போது கிடைத்த கடதாசிக் கட்டைத் தேடி எடுங்கள். புதுக் கண்ணாடியே சும்மா கிடைக்கக்கூடும். உங்கள் வீட்டு யன்னலைப் பார்க்க வந்தவர் இதைச் சொன்னாரா?

காற்று வருகுதா?

அடுத்த முறைப்பாடு, "யன்னலடியில குளிர்காத்து வருகுது." எங்கே வருகிறது என்று பார்க்கச் சாமியறையிலேயே கருவி இருக்கிறது. காற்று வீசுகிற ஒரு குளிர்நாளில், வீட்டில் உள்ள காற்றாடிகளைப் போட்டுவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னலைச் சுற்றி மெல்லக் கொண்டு போங்கள். (திரைச்சீலையை முதலில் ஒதுக்கிவிடுங்கள், தீயணைப்புப் படையைக் கூப்பிட வைக்காதீர்கள்.) புகை எங்கே கலைகிறதோ அங்கேதான் ஓட்டை.

திறக்கிற கதவுக்கும் பிரேமுக்கும் நடுவில் கலைந்தால் ரப்பர் பட்டி போய்விட்டது, அல்லது பூட்டு இறுக்கிப் பிடிக்கவில்லை. ஒரு கடதாசியை நடுவில் வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் பட்டியை மாற்ற வேண்டும். பிரேமுக்கும் சுவருக்கும் நடுவில் கலைந்தால் அது யன்னலே அல்ல, அடைப்பு வேலை. ஒரு குழாய் கோக்கிங்கோடு முடியக்கூடிய காரியம். சுற்றிக் களைத்துப்போன கைபிடியும் தேய்ந்த பிணைச்சலும்கூடத் தனியே வாங்கிப் பூட்டக்கூடியவைதான்.

இதில் எதுவுமே விளம்பரத்தில் வராது. பத்து டொலர் ரப்பர் பட்டிக்கு யார் முழுப்பக்க விளம்பரம் போடப் போகிறார்கள்?

இனிக் கணக்கு

"கேஸ் பில்லில மிச்சம் பிடிக்கிற காசே யன்னல் காசைக் கட்டிப்போடும்." இதுதான் பெரிய பொய். உடைத்துப் பார்ப்போம்.

யன்னல் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்பதை 'யூ மதிப்பு' என்று அளப்பார்கள். குறையக் குறைய நல்லது. பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடி யன்னல் ஏறக்குறைய 2.8. கனடாவில் 2020 ஜனவரி தொடங்கிய எனர்ஜி ஸ்டார் தரத்தின்படி 1.22 அல்லது அதற்குக் கீழே இருக்கலாம். கணக்குக்கு 1.2 என்று எடுப்போம். வித்தியாசம் 1.6.

ஒரு யன்னலின் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்போம். ரொரன்ரோவின் குளிரை 'வெப்பமூட்டல் பாகை நாட்கள்' என்ற அளவில் சொன்னால், இடத்தையும் வருடத்தையும் பொறுத்து 3,500 முதல் 4,000 வரை வரும். 3,800 என்று வைப்போம். ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம்.

1.6 × 1.5 × 3,800 × 24 = 218,880 வாட் மணி. அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய 219 யூனிட். ஃபேர்னஸில் வீணாவதையும் சேர்த்தால் 22 கன மீட்டர் கேஸ். ஒரு கன மீட்டருக்கு 50 சதம் என்று போட்டால் 11 டொலர்.

ஆம். ஒரு யன்னலுக்கு, ஒரு வருடத்துக்கு, பதினொரு டொலர். இரண்டு கோப்பிக் காசு.

பத்து யன்னலுக்கு 110 டொலர். யன்னல் ஒன்று ஆயிரம் என்று பத்தாயிரம் டொலருக்கு எஸ்டிமேட் தந்திருந்தால், போட்ட காசு திரும்பி வர 90 வருடம். காற்றுக் கசிவு குறைவதையும் சேர்த்து மிச்சத்தை இரட்டிப்பாக்கினாலும் 45 வருடம். எண்களை உங்கள் விருப்பப்படி மாற்றுங்கள். உங்கள் எஸ்டிமேட்டைப் போடுங்கள், உங்கள் பில்லில் உள்ள விலையைப் போடுங்கள். மின்சாரத்தால் சூடாக்குகிற வீடு என்றால் மிச்சம் மூன்று மடங்காகவும் வரலாம். அப்போதும் முப்பது வருடம். அந்த முப்பது வருடத்துக்குள், அவர்களுடைய வாய்க்கணக்குப்படியே, யன்னலை இரண்டு தரம் மாற்றியிருக்க வேண்டும்!

இதில் கடன் வேறு. "கையில காசு தேவையில்ல அன்ரி, மாசம் மாசம் கட்டலாம்." பத்தாயிரத்தை 12 வீத வட்டிக்குப் பத்து வருடத்தில் கட்டுவதாக வைத்தால் மாதம் 143 டொலர். மொத்தம் 17,200 டொலருக்கு மேலே. மாதம் ஒன்பது டொலர் கேஸ் காசு மிச்சம் பிடிக்க, மாதம் 143 டொலர் கட்டுகிறோம்.

2024 ஒக்டோபரில் ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.20 டொலர் ஆனது. அந்தச் சம்பளத்தில் 17,200 டொலர் என்பது ஆயிரம் மணித்தியால வேலை, அதுவும் வரி பிடிக்க முன்பு. கிழமைக்கு 40 மணித்தியாலப்படி இருபத்தைந்து கிழமை. யாரோ ஒருவருடைய அம்மா தொழிற்சாலையில் இரவு வேலையில் நின்ற அரை வருடம் அது. இதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது, யன்னலில் உள்ள காதலால் அல்ல.

அரசாங்கம் என்ன விலை போட்டது என்றும் பாருங்கள். 2021 மே மாதத்தில் தொடங்கி 2024இன் தொடக்கத்தில் புது விண்ணப்பங்களை நிறுத்திய மத்திய அரசின் பசுமை வீட்டு மானியத்தில், தகுதியான யன்னல் திறப்பு ஒன்றுக்குக் கொடுத்தது 125 டொலர். மிகத் திறமான வகைக்கு 250. அதே திட்டத்தில் கூரைக்கு அடியில் வெப்பக்காப்புப் போட 1,800 டொலர் வரை, காற்றோட்டைகளை அடைக்க 1,000 டொலர் வரை, ஹீட் பம்புக்கு 5,000 டொலர் வரை. சக்தியை மிச்சம் பிடிக்க முதலில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பட்டியல் வேண்டுமா? அந்தத் திட்டம் ஓடின காலத்தில், "கவர்மெண்ட் காசு தருது" என்று அதன் பெயரைச் சொல்லியே எங்கள் ஆட்களுக்கு யன்னல் விற்றார்கள். கூரைக்கு அடியில் போய்ப் பார்க்கச் சொன்னவர் யார்?

விளக்கு வித்தை

எங்கள் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். கம்பனி பெயர் வேண்டாம். எங்கட பெடியன்தான், நல்ல மரியாதை. ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, சூட்டு விளக்கு ஒன்றைப் போட்டு, அதற்கு முன்னால் பழைய கண்ணாடித் துண்டைப் பிடித்து, "அன்ரி, கையை வைச்சுப் பாருங்கோ" என்றார். சுட்டது. பிறகு தங்கள் கண்ணாடித் துண்டைப் பிடித்தார். சுடவில்லை. அம்மாவின் முகம் மாறிவிட்டது. "இண்டைக்கு சைன் பண்ணினால்தான் அன்ரி இந்த நாப்பது வீதக் கழிவு. நாளைக்கு என்ர மனேஜர் விடமாட்டார்."

அந்த வித்தை எதைக் காட்டுகிறது? விளக்கின் கதிர்வீச்சு உள்ளே வராமல் கண்ணாடி தடுக்கிறது என்பதை. அதாவது கோடை வெயிலைத் தடுக்கும் என்பதை. நாங்கள் இருப்பது கனடாவில். ஆறு மாதக் குளிரில் தெற்குப் பக்கத்து யன்னலால் வருகிற வெயில்தான் எங்களுக்குச் சும்மா கிடைக்கிற ஒரே சூடு. குளிருக்குப் பயந்தவரிடம் வெயிலைத் தடுக்கிற வித்தையைக் காட்டிக் காசு கேட்பது நல்ல நாடகம், நல்ல பௌதிகம் அல்ல. மைனஸ் 20இல் வீட்டின் வெப்பம் எவ்வளவு வெளியே போகிறது என்பதை அந்த விளக்கு காட்டவே காட்டாது.

நாளைக்குக் கிடைக்காத நாற்பது வீதக் கழிவைப் பற்றி ஒரு வசனம் போதும். முதலில் நாற்பது வீதம் கூட்டிச் சொன்னால்தான் பிறகு நாற்பது வீதம் கழிக்கலாம். இதைச் சொல்ல வணிகவியல் தேவையில்லை, எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் வாங்கின எந்த ஆச்சியும் சொல்லுவா.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். புது யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பது சுகம், அது உண்மை. நான் மேலே சொன்ன மைனஸ் 20 நாளில் பழைய கண்ணாடி 6 பாகையில் இருக்க, புதுக் கண்ணாடி 14, 15 பாகையில் இருக்கும். பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்கிற தாத்தாவுக்கு அந்த வித்தியாசம் பெரியது. தெருச்சத்தமும் குறையலாம், வீட்டு முகப்பும் வடிவாக இருக்கும். சுகத்துக்கும் வடிவுக்கும் காசு செலவழிப்பது குற்றமே இல்லை. கலியாணத்துக்குச் செலவழிக்காததா? ஆனால் சுகத்தைச் சுகம் என்று சொல்லி விற்க வேண்டும், 'முதலீடு' என்று சொல்லி அல்ல. தாத்தாவின் அறை யன்னலை மாற்ற ஒரு யன்னல் காசு போதும். பத்து யன்னல் எதற்கு?

தேய்மானம் என்ற சொல்

கணக்கியலில் எல்லாச் சொத்துக்கும் ஒரு பயன்பாட்டுக் காலம் குறிப்போம். ஒரு மேசைக்குப் பத்து வருடம் என்று எழுதினால், பத்தாவது வருட முடிவில் ஏட்டில் அதன் பெறுமதி பூச்சியமாகும். மேசை அங்கேயே நிற்கும், அதன்மேல் வைத்துத்தான் அடுத்த வருடக் கணக்கும் எழுதுவோம். ஏட்டில் தேய்வது வேறு, உண்மையில் தேய்வது வேறு.

இன்னொரு பாடம், பராமரிப்புச் செலவும் மூலதனச் செலவும். சீல் விட்ட ஒரு கண்ணாடிப் பொதியை மாற்றுவது பராமரிப்பு. அந்த வருடச் செலவோடு போய்விடும். பத்து யன்னலும் மாற்றுவது மூலதனச் செலவு, கடன் எடுத்துப் பத்து வருடம் இழுக்கும். யன்னல் வியாபாரத்தின் முழுச் சூட்சுமமும் முதலாவதை இரண்டாவதாக மாற்றுவதுதான். ஒரு கண்ணாடி மங்கியது என்று கூப்பிட்டால், பதில் முழு வீட்டுக்கும் வரும். "ஒண்டை மட்டும் மாத்தினால் மற்றதுகள் அடுத்த வருஷம் போயிடும்" என்பார்கள். போனால் அடுத்த வருடம் மாற்றுவோம், அவ்வளவுதானே?

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இவைதான் உண்மையான காரணங்கள்.

மரப் பிரேமில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் கேக்கில் போவது மாதிரிப் போகிறது. உக்கல். அதற்கு மருந்து இல்லை.

பிளாஸ்டிக் பிரேம் வளைந்து, என்ன சரிக்கட்டினாலும் கதவு முட்டப் பூட்டவில்லை. கள்ளனுக்கும் குளிருக்கும் ஒரே வாசல்.

மழைத்தண்ணீர் பிரேமுக்குள்ளால் சுவருக்குள் இறங்குகிறது. முதலில் பிரேமின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் வெளி அடைப்பையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் தண்ணீர் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், யன்னலை விடச் சுவர் விலை கூடியது.

பழைய ஒற்றைக் கண்ணாடி, அல்லது உள்ளும் வெளியும் ஒரே உலோகமாய்ப் போகிற பழைய அலுமினியப் பிரேம். பிரேமிலேயே பனிக்கட்டி கட்டுகிறது என்றால் அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது: நிலக்கீழ் அறையில் யாரையாவது படுக்கவிட்டிருக்கிறீர்களா? எங்கள் சனத்தில் பாதிப் பேர் இந்த நாட்டில் முதல் படுத்தது யாரோ ஒருவருடைய நிலக்கீழ் அறையில்தான் என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இப்போது அதே அறைகளில் சர்வதேச மாணவர்கள் படுக்கிறார்கள், என் வகுப்பிலும் இருக்கிறார்கள். தீப்பிடித்து மாடிப்படியில் புகை அடைத்தால் அவர்கள் எதனால் வெளியே வருவார்கள்? ஒன்ராறியோவின் கட்டடச் சட்டம் படுக்கையறை யன்னலுக்குச் சொல்கிற குறைந்தபட்சத் திறப்பு 0.35 சதுர மீட்டர், அகலமோ உயரமோ 380 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஒரு ஆள் புகுந்து வெளியே வர வேண்டும் என்பதற்கான அளவு அது. வாடகைக்கு விட்ட பல நிலக்கீழ் அறைகளில் இருப்பது, பூனை போகிற யன்னல்.

தெருவிலிருந்து தெரிகிற முன்பக்க யன்னல்களுக்குப் பத்தாயிரம் போடுகிறோம், அவை நன்றாகத்தான் இருந்தன. நிலத்துக்குக் கீழே ஆள் படுக்கிற அறையின் யன்னலை அப்படியே விடுகிறோம், அது விருந்தாளிக்குத் தெரியாது. மாற்ற வேண்டிய யன்னல் ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் அது இதுதான். சுவரை வெட்டிப் பெரிதாக்க நகரசபை அனுமதி வேண்டும், அலைச்சல்தான். அலையுங்கள்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால்

கனடாவில் யன்னலுக்கு 'ஈஆர்' என்ற ஒரு எண் உண்டு. வெளியே போகிற வெப்பம், கசிகிற காற்று, உள்ளே வருகிற வெயில் மூன்றையும் சேர்த்துப் போடுகிற மதிப்பு. கூடக் கூட நல்லது, 34க்குக் குறையாமல் கேளுங்கள். விளக்கு வித்தை காட்டுகிறவரிடம் இந்த எண்ணைக் கேட்டால் விளக்கை மூடிவிடுவார்.

'ரெட்ரோஃபிட்' முறையா, 'பிரிக்-டு-பிரிக்' முறையா என்று கேளுங்கள். முதலாவதில் பழைய பிரேமை விட்டுவிட்டு அதற்குள் புது யன்னலைச் செருகுவார்கள். பிரேம் உக்கியதால் மாற்றுகிறவருக்கு அது உக்கலை மூடி வைக்கிற வேலை. இரண்டாவதில் செங்கல் வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவார்கள்.

ஒன்ராறியோ 2018 மார்ச் 1 முதல் ஃபேர்னஸ், ஏசி, சுடுதண்ணீர்த் தாங்கி, தண்ணீர் வடிகட்டி போன்றவற்றை அழைக்காமல் வீட்டு வாசலில் வந்து விற்பதைத் தடைசெய்தது. அந்தப் பட்டியலில் யன்னலைச் சேர்க்கவில்லை. கதவைத் தட்டுகிறவர் அந்த ஓட்டைக்குள்ளால்தான் வருகிறார். ஆனால் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி உங்கள் கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்யும் உரிமை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியை வைத்திருங்கள். "எங்கட ஆள், என்ன நினைப்பாரோ" என்ற கூச்சம் சட்டத்தில் எங்கும் இல்லை.

இதை வாசிக்கிற என் வயதுக்காரருக்கு ஒரு வேலை. அப்பா அம்மா ஆங்கிலத்தில் பதினாலு பக்க ஒப்பந்தத்தை வாசிக்கப் போவதில்லை, வந்தவர் தமிழில் சொன்னதைத்தான் நம்புவார்கள். ஆகவே அடுத்த முறை மணி அடித்தால் நீங்கள் எழும்பிப் போங்கள். "நாலில எது பழுது அண்ணை? கண்ணாடியா, ரப்பரா, அடைப்பா, பிரேமா?" என்று கேளுங்கள். பிரேம் என்று சொன்னால் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுங்கள், குத்திக் காட்டட்டும். வயசு என்று சொன்னால் கதவைச் சாத்துங்கள். மெதுவாகச் சாத்துங்கள், பிணைச்சல் பாவம்.